லேத் இருக்கிறது, ரீபிரீதர் பாகங்களை நானே கடையலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராணிப்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருடைய சித்தப்பா, கிணற்றுக்குள் விழுந்த மோட்டார், ஃபுட் வால்வு, பைப்பு எதுவானாலும் முங்கிப் போய்க் கயிறு கட்டிக் கொடுப்பவர். மூச்சைப் பிடித்துக்கொண்டே 40 அடி போய் வருவாராம். இப்போது வயதாகிவிட்டது. அவருக்கு உதவியாக, விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கும் ரீபிரீதரை வீட்டிலேயே செய்துவிடலாமா, வெளிநாட்டில் பலர் செய்கிறார்களே, எதைத் தானே கடையலாம், எதை வாங்க வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். கருவியில் பாதியை நீங்களே செய்யலாம். கை சுத்தமாக இருந்தால் கடைச்சரக்குக்குக் குறையாமலே செய்யலாம். மீதிப் பாதியில் கை வைக்காதீர்கள். சித்தப்பாவின் கிணற்று வேலைக்கு இரண்டு பாதியுமே வேண்டாம்.

வேலூரைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் மயக்க மருந்துக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் அந்தக் கருவியும் ரீபிரீதரும் ஒரு தாய் பிள்ளைகள். நோயாளி விடும் மூச்சு வெள்ளைக் குருணை நிரப்பிய ஒரு டப்பா வழியாகப் போகிறது, கரியமில வாயு அந்தக் குருணையில் தங்கிவிடுகிறது, குறைந்துபோன ஆக்சிஜனைக் கொஞ்சம் சேர்த்து அதே காற்று நோயாளிக்கே திரும்பிப் போகிறது. வித்தியாசம் ஒன்றுதான். தியேட்டரில் டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்கடியில் நோயாளியும் நீங்கள்தான், டாக்டரும் நீங்கள்தான். நோயாளிக்கு மூளை மங்கும்போது டாக்டருக்கும் சேர்ந்தே மங்கும்.

இந்த ஏற்பாட்டின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பது எனக்குப் புரிகிறது. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், விடும் காற்றில் இன்னும் 16, 17 மிச்சம் இருக்கிறது. முங்குபவர்கள் முதுகில் சுமக்கும் சாதாரண ஸ்கூபா காற்றுச் சிலிண்டரில் அவ்வளவையும் குமிழியாக வீணடிக்கிறோம். ஆழம் கூடக் கூட வீணும் கூடும். நிதானமாக நீந்தும் உடம்பு உண்மையில் செலவழிப்பது நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன்தான். 5 மீட்டரிலும் அதே, 50 மீட்டரிலும் அதே. 2 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்துக்கு (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஆக்சிஜன் ஏற்றினால் 300 லிட்டர், அதாவது காகிதக் கணக்கில் 5 மணி நேரம். கையில் லேத் இருக்கும் எவனுக்கும் இந்தக் கணக்கைப் பார்த்ததும் விரல் அரிக்கத்தான் செய்யும்.

பிறப்பே வீட்டுத் தயாரிப்புதான் இந்தக் கருவிக்கு. இங்கிலாந்தில் ஹென்றி ஃப்ளூஸ் 1878இல் செய்தது, ஒரு ரப்பர்ப் பை, ஒரு செப்பு ஆக்சிஜன் குடுவை, கரியமில வாயுவைப் பிடிக்க எரிபொட்டாஷில் ஊறவைத்த கயிற்றுத் திரி, அவ்வளவுதான். 1880இல், வெள்ளம் புகுந்து கிடந்த செவர்ன் ஆற்றுச் சுரங்கப்பாதையில் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முங்காளி அதை மாட்டிக்கொண்டு இருட்டில் போய் உள்ளே திறந்து கிடந்த இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார். அதன் குடுவையில் இருந்தது ஆக்சிஜன். அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனே விஷமாகும் என்று பிரான்சில் பால் பெர் எழுதியதும் அதே 1878இல்தான். ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு எட்டவில்லை, லாம்பர்ட் எப்படியோ தப்பித்தார்.

சரி, பாகங்களுக்கு வருவோம். எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று: இந்தப் பாகம் கெட்டுப்போனால் மேசைமேலேயே தெரியுமா, அல்லது என் தலை சாய்ந்த பிறகும் தெரியாமலே இருக்குமா? ரீபிரீதரில் இரண்டு வகையும் உண்டு. ஸ்கூபா சிலிண்டர் கெட்டால் காற்று வராது, உடனே தெரியும். ரீபிரீதர் கெட்டால் காற்று சுகமாக வந்துகொண்டே இருக்கும், அதில் உயிர் மட்டும் இருக்காது. 1998 முதல் 2010 வரை பதிவான 181 ரீபிரீதர் மரணங்களை ஆண்ட்ரூ ஃபாக் என்ற மருத்துவர் ஆராய்ந்து, சாதாரண சிலிண்டர் முங்கலைவிட ஆபத்து சுமார் 10 மடங்கு என்று மதிப்பிட்டார். அதில் பெரும்பாலானவை கம்பெனித் தயாரிப்புகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடியது டப்பா. முன்னே சொன்ன வெள்ளைக் குருணையை, அதாவது சோடா லைமை, நிரப்பும் கேனிஸ்டரைச் சொல்கிறேன். இதற்கு உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான், அதனால் பிவிசி பைப்பே போதும். 160 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 14 செ.மீ. உயரத்துக்கு இரண்டரை லிட்டர் குருணை கொள்ளும். எடையில் 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூடிக்கு டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உருளை வாங்கிக் கடையுங்கள். அலுமினியம் வேண்டாம், சோடா லைமில் எரிசோடா இருக்கிறது, ஈரத்தோடு சேர்ந்தால் வெறும் அலுமினியத்தை அரித்துவிடும். பைப்பு எப்போதுமே சரியான வட்டமாக இருக்காது, அதனால் முதலில் அதன் வாயை உள்பக்கமாக ஒரு சீவல் சீவி வட்டமாக்கிவிட்டுப் பிறகு மூடியைப் பொருத்துங்கள். 3 மி.மீ. ஓ-ரிங்குக்கு (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) பள்ளம் 2.3 முதல் 2.4 மி.மீ. ஆழம், அகலம் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பள்ளத்தின் அடியில் டூல் அதிர்ந்த வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொல்லித் தர வேண்டியது வேறு. மூடியின் ஓ-ரிங் கசிந்தால் தண்ணீர் உள்ளே வரும், அதை ஊதிப் பார்த்தும் உறிஞ்சிப் பார்த்தும் மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் டப்பாவுக்குள்ளே இன்னொரு அடைப்பு இருக்கிறது. மூச்சு குருணை வழியாகத்தான் போக வேண்டும், குருணையைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்று தடுக்கும் உள் ஓ-ரிங் அது. அதை மாட்ட மறந்தால் எந்தக் கசிவுச் சோதனையிலும் தெரியாது. வெளியே ஒரு குமிழி வராது, உறிஞ்சினால் பிடித்துக்கொண்டு நிற்கும், எல்லாம் சரி என்றே கருவி சொல்லும். கம்பெனிக் கருவிகளிலும் இப்படி ஒரு வளையத்தை மாட்டாமல் போய்ச் செத்தவர்கள் உண்டு. உங்களிடம் லேத் இருக்கிறது, இங்கேதான் அது உதவும். உள் ஓ-ரிங் இல்லாவிட்டால் வெளிமூடியே உட்காராதபடி ஒரு தோளோ படியோ வைத்துக் கடையுங்கள். மறதிக்கு மருந்து நினைவூட்டல் சீட்டு இல்லை, மூட மறுக்கும் மூடிதான்.

அப்புறம் குருணை. சோடா லைம் என்பது பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்பு, அதில் சில சதவீதம் எரிசோடா, நூற்றில் பதினைந்துக்கு மேல் தண்ணீர். காய்ந்துபோன சோடா லைம் வேலை செய்யாது, ஈரம் வேண்டும். கரியமில வாயு முதலில் அந்த ஈரத்தில் கரைந்து, எரிசோடாவோடு சேர்ந்து, கடைசியில் சுண்ணாம்பில் போய் அடைகிறது. எரிசோடா மீண்டும் விடுபட்டுவிடுகிறது. நடக்கும்போது சூடு வரும். நம் வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதக்கணக்கில் காற்றைக் குடித்து இறுகுகிறதே, அதே வேலையை இங்கே ஒரு மூச்சு கடந்து போகும் நேரத்தில் முடிக்கச் சொல்கிறோம். கணக்கு இப்படி: நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன் எடுப்பவர் 0.8, 0.9 லிட்டர் கரியமில வாயு விடுவார், மணிக்கு 50 லிட்டர் என்று கொள்ளலாம். ஒழுங்காக நிரப்பிய 1 கிலோ சோடா லைம் 100 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். அப்படியானால் உங்கள் 2 கிலோ டப்பாவுக்கு 4 மணி நேரம். அதைப் பாதியாக வெட்டிவிட்டுத்தான் நான் நம்புவேன். எதிர்நீச்சல் போட்டால் உடம்பு இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

ஆஸ்பத்திரி சோடா லைமும் முங்குபவர்களின் சோடா லைமும் ஒன்றல்ல. முங்குவதற்கு விற்பதில் நுண்குருணை 1 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கும். ஆஸ்பத்திரிக் குருணை அதைவிடப் பெரிது, மேற்பரப்பு குறைவு. படுத்திருக்கும் நோயாளியின் மெல்லிய மூச்சுக்கு அது போதும், கால் அடித்து நீந்துபவனுக்குப் போதாது. ஆஸ்பத்திரிச் சரக்கு தீர்ந்ததும் ஊதா நிறமாக மாறும், பார்க்க வசதி என்று நினைப்பீர்கள். ராத்திரி சும்மா வைத்தால் காலையில் அந்த ஊதா மங்கி மறுபடி வெள்ளையாகிவிடும். தீர்ந்துபோன சரக்கு புதுசு மாதிரி சிரிக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் டப்பாவைக் கடைந்த பிறகு, புதுப் பொட்டலம் உடைத்து, காட்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சோதித்தேன். தண்ணீரே இல்லை, வெறும் நாற்காலி. மூக்கில் கிளிப், வாயில் குழாய், ஃப்ளோமீட்டரில் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஆக்சிஜன், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், பக்கத்தில் என் மனைவி. பத்து நிமிடம் சுகமாகப் போனது. பிறகு அவள் சொன்னாள், "ஏன் இப்படி இறைக்குது உங்களுக்கு?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மீட்டரைக் காட்டினேன், 99. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் இரண்டு நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் அடிக்க ஆரம்பித்தது, ஆனாலும் குழாயை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவிதான் பிடுங்கினாள். அன்று சாயந்திரம் முழுக்கத் தலைவலி.

டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சுட்டது. திறந்து கொட்டினால் நடுவில் எல்லாம் வெள்ளை, பட்டறைக்காரன் கண் என்பதால் உடனே தெரிந்தது, சுவரையொட்டி ஒரு பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஊதாக் கோடு மேலிருந்து கீழ்வரை. மூச்சு அத்தனையும் அந்த ஒரு சந்து வழியாகவே ஓடியிருக்கிறது. பட்டறையில் நிரப்பி ஸ்கூட்டரில் வைத்து ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், குலுங்கிக் குருணை அமுங்கிவிட்டது. படியில் அளந்த அரிசியைத் தட்டினால் அரை விரல் இறங்குமே, அதே கதை. அதன்பிறகு மேலே துளைத் தட்டும் அதை அழுத்தும் ஸ்பிரிங்கும் இல்லாமல் நான் டப்பா செய்வதில்லை. நிரப்பும்போது கொஞ்சம் கொட்டு, பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டு, மறுபடி கொட்டு. உட்சுவரில் இரண்டு இடத்தில் மெல்லிய வளையம் விட்டுவிட்டால் சுவரோரமாக ஓடும் காற்று அங்கே தடுக்கப்பட்டு நடுவுக்குத் திரும்பும்.

ஆக்சிமீட்டர் 99 காட்டியதைக் கவனித்தீர்களா? அது பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறையவே இருந்தது. ஏறிக்கொண்டிருந்தது கரியமில வாயு, அதை அந்த மீட்டர் பார்க்கவே பார்க்காது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, அதை விரலில் மாட்டிக்கொண்டு சோதனை செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோடா லைம் டப்பாவைச் சோதிக்க வேண்டுமென்றால், இழுக்கும் காற்றில் கரியமில வாயு பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று காட்டும் கேப்னோகிராஃப் வேண்டும். பழைய மாடல் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைக்கும்.

அடுத்தது மூச்சுப்பை. கடைசல் வேலை இல்லை, ஆனால் நம் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ மேல்பாகமும் பையும் தைக்கும் கைகளுக்கு இது ஒரு மத்தியான வேலை. ஆனால் ஊசி போட்ட இடமெல்லாம் காற்று போகும், அதனால் உள்பை வேறு, வெளியுறை வேறு. உள்பைக்கு ஒரு பக்கம் பாலியூரித்தேன் பூசிய நைலான் துணி வாங்கி, பூச்சு இரண்டும் முகம் பார்க்க வைத்து, மேலே டெஃப்லான் ஷீட் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். முதலில் வெட்டுத்துண்டுகளில் பத்துத் தடவை ஒட்டி, பிய்த்துப் பாருங்கள். ஒட்டு பிரியாமல் துணி கிழிந்தால் சூடு சரி. வெளியுறையை அவர்கள் தைக்கட்டும், இழுவையெல்லாம் அது தாங்கும். பையை முதுகில் வைப்பதா நெஞ்சில் வைப்பதா என்பது பெரிய சண்டை. நுரையீரலுக்கும் பைக்கும் 10 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால் அத்தனை தண்ணீர் எடையை எதிர்த்து மூச்சு இழுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான் தோள் மேல் வைப்பவன்.

ஷூ பட்டறைக்குப் போனால் அவர்கள் உடனே சொல்யூஷன் டப்பாவைத் திறப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பசையின் ஆவி மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும், நீங்களோ அதே காற்றைத் திரும்பத் திரும்ப உறிஞ்சப் போகிறீர்கள். பை தயாரானதும் ஊதி மூடி ஒரு நாள் வேலூர் வெயிலில் போடுங்கள். சாயந்திரம் திறந்து முதல் மூச்சை மூக்கால் பிடியுங்கள். ஏதாவது வாடை வந்தால் அந்தப் பை காய்கறி வாங்கப் போகட்டும்.

வாய்க்குழாயில் இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு இருக்கும், காளான் குடை மாதிரி சிலிகான் வட்டு. வட்டை வாங்குங்கள், அது உட்காரும் இருக்கையை மட்டும் கடையுங்கள். இருக்கை ஒரே மட்டமாக இருக்க வேண்டும், பிசிறு கூடாது. ஒரு வால்வு மூடாமல் நின்றால், விட்ட மூச்சு டப்பாவைச் சுற்றாமல் குழாயிலேயே முன்னும் பின்னும் ஆடும். ஒரு பக்கக் குழாயைக் கையால் மூடிக்கொண்டு ஊதுங்கள், உறிஞ்சுங்கள், மறுபக்கமும் அப்படியே. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இது உண்டு. குழாய்க்கு ஆஸ்பத்திரி வென்டிலேட்டர்க் குழாய் ஆகாது, மெல்லிசு, நசுங்கிவிடும், விட்டமும் பத்தாது. முங்குவதற்கென்று விற்கும் ரப்பர்க் குழாயை வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மூச்சு எவ்வளவு சிரமம் என்று அளக்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். U மாதிரி வளைத்துப் பலகையில் அடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாய்க்குழாயில் செருகி மூச்சு விடுங்கள். இரண்டு பக்க நீர்மட்டமும் எத்தனை செ.மீ. விலகுகிறது என்று பாருங்கள். முதல் டப்பாவில் எனக்கு 9 செ.மீ. வந்தது. குருணைக்கு முன்னும் பின்னும் காற்றுக்குக் கொஞ்சம் வெற்றிடம் விட்டதும் 4க்கு இறங்கியது. இருபது ரூபாய்க் குழாய் இவ்வளவு சொல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்யக்கூடியது. இனி, கூடாதது.

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு, சிலிண்டர் அழுத்தத்தை முதலில் குறைக்கும் ரெகுலேட்டரின் முதல் கட்டம், இவற்றைக் கடையாதீர்கள். உங்கள் பட்டறையில் எல்லாவற்றிலும் கட்டிங் ஆயில் இருக்கிறது. 150 பார் ஆக்சிஜனுக்கு எண்ணெய் என்பது திரி. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு நான் ஆக்சிஜன் ஃபிட்டிங்கைத் தொட விடமாட்டேன், என் உதவியாளரைப் பலமுறை கைகழுவத் துரத்தியிருக்கிறேன். சாதாரண கிரீஸும் கூடாது, சிலிகான் கிரீஸும் கூடாது, ஆக்சிஜனுக்கென்று விற்கும் ஃப்ளூரின் வகைக் கிரீஸ்தான். திறப்பதற்கு எளிது என்று பால் வால்வு போடும் ஆசையும் வரும். சட்டென்று திறந்தால் முன்னே இருக்கும் வாயு ஒரே நொடியில் அமுங்கிச் சூடேறி, உள்ளே இருக்கும் ரப்பரையே பற்றவைத்துவிடும். மெதுவாகச் சுற்றித் திறக்கும் ஊசி வால்வுதான் ஆக்சிஜனுக்கு. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு வீட்டில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். எரிவாயு உருளை விதிகள்படி நிரப்புவதற்கு லைசென்ஸ் வேண்டும், அந்த விதி காரணமில்லாமல் எழுதப்பட்டதில்லை.

நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஆக்சிஜனைக் கசியவிடும் நுண்துளை ஒன்று வரும், மயிரிழை அளவு. முன்னே இருக்கும் அழுத்தம் பின்னே இருப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கும்வரை, பின்பக்கம் என்ன ஆனாலும் அதில் ஓட்டம் மாறாது. அழகான தந்திரம். ஆனால் அதையும் அளந்து செய்தவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், டிரில் பிட்டைத் தேடாதீர்கள்.

கடைசியாகச் சென்ஸார். முழு விஷயத்திலும் என்னைப் பயமுறுத்துவது இதுதான். ஆக்சிஜன் சென்ஸார் ஒரு சின்ன பேட்டரி. உள்ளே ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு ஏற்ப, அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்குக்கு ஏற்ப, மில்லிவோல்ட் வரும். காற்றில் 10 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஒன்றரை வருடத்துக்குள் ஆயுள் முடியும். ஆஸ்பத்திரியில் மாற்றிப்போட்ட சென்ஸார் நிறையக் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவில் ஒரு டிஜிட்டல் பேனல் மீட்டர் வாங்கி இணைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். நானும் இணைத்தேன். காற்றில் 10.2 காட்டியது. சுத்த ஆக்சிஜனில் 48.8 வர வேண்டும், 48.5 வந்தது. நல்ல சென்ஸார் என்றுதானே சொல்வீர்கள்? பிறகு தடித்த எஃகுக் குடுவைக்குள் வைத்து, ஆக்சிஜனை மொத்தம் 1.6 பார் வரை ஏற்றிப் பார்த்தேன். 78 வர வேண்டும். 60இல் நின்றுவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் 60தான்.

அந்த 60க்கு அர்த்தம் என்ன? இந்தச் சென்ஸாரால் 1.23 பாருக்கு மேல் பார்க்க முடியாது. கருவியின் மூளையை 1.3இல் வை என்று அமைத்திருந்தால், இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று அது ஆக்சிஜனைத் திறந்துகொண்டே இருக்கும். திரையில் 1.2 நிற்கும், உள்ளே 1.6ஐத் தாண்டி 2ஐ நோக்கி ஏறும். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வரும், வரும்போது வாய்க்குழாய் விழுந்துவிடும். மூன்று சென்ஸார் வைத்து இரண்டு சொல்வதை நம்பு என்று பெரும்பாலான கருவிகள் கணக்குப் போடுகின்றன. மூன்றையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தால் மூன்றும் சேர்ந்தே கிழடு தட்டும், கெட்டுப்போன இரண்டும் நல்ல ஒன்றை வாயடைத்துவிடும். அதனால் சென்ஸாரும் அதைப் படிக்கும் மின்னணுவும் புதிதாக, முங்குவதற்கென்று செய்ததாக வாங்குங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அந்தச் சோதனைக் குடுவையை. எஃகில் செய்யுங்கள். பிவிசியில் ஒருபோதும் அழுத்தக் காற்றை ஏற்றாதீர்கள், வெடித்தால் கண்ணாடிச் சில்லாகப் பறக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. முட்டவைப்பது கரியமில வாயு, அதைத்தான் டப்பா சுத்தமாக எடுத்துவிடுகிறதே. 18 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2.8 பார். அங்கே ஆக்சிஜன் 0.3 இருந்தால் உங்களுக்கு நன்றாகவே இருக்கும். அதே காற்றோடு மேலே வந்தால் 0.3 என்பது 0.1 சொச்சமாகச் சுருங்கும். கரைக்கு ஒரு கை தூரத்தில், வெளிச்சம் தெரியும் இடத்தில், மயக்கம் வரும்.

இப்போது சித்தப்பா. நம் பக்கத்துப் பாசனக் கிணறு 60 அடி என்றால் நிறைந்திருக்கும்போது அதே 18 மீட்டர். ஃப்ளூஸ் மாதிரி சுத்த ஆக்சிஜனும் ஒரு பையும் போதும், எளிதாகச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சுத்த ஆக்சிஜனுக்கு எல்லை 6 மீட்டர், 20 அடி என்று சொல்லுங்கள். 60 அடியில் அது 2.8 பார் ஆகிவிடும். "கிணறுதானே, கடலா" என்ற பேச்சு இங்கே செல்லாது.

ரீபிரீதர் கேட்கும் வேலையும் அவருடையது இல்லை. 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 18 மீட்டரில் 56 லிட்டர் இழுப்பார். நாற்பது நிமிடத்துக்கு மேல் வரும். கால் பங்கைத் தொடாமல் வைத்தாலும் அரை மணி. மோட்டாருக்குக் கயிறு கட்ட அவருக்குப் பத்து நிமிடம் போதும். புதுச்சேரியில் முறையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நான்கு நாள் வகுப்பு, இருவரும் சேர்ந்தே போங்கள். கிணற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு: டீசல் இன்ஜின் ஓடிய கிணற்றிலும் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலும் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றே ஆளைச் சாய்க்கும். தலையை வெளியே நீட்டி நல்ல காற்று என்று நினைத்து வாய்க்குழாயை எடுத்துவிடக் கூடாது. மேலே ஒருவர், இடுப்பில் கயிறு, இது எந்தக் கருவிக்கும் மாறாது.

உங்கள் கை சும்மா இருக்க வேண்டாம். டப்பாவும் U குழாயும் எஃகுக் குடுவையும் செய்யுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து சோதியுங்கள், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த டப்பாவை, சென்ஸாரும் மின்னணுவும் இருக்கும் கம்பெனிக் கருவித் தலை ஒன்றோடு பொருத்த எனக்கு மூன்று வருடம் ஆனது, தண்ணீரில் இறங்கும்போதும் தோளில் தனி ஸ்கூபா சிலிண்டர் ஒன்று தொங்கியது. சித்தப்பாவுக்காக லேத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் கிணற்றில் விழுந்ததை மேலிருந்தே கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக் கொலுசு ஒன்று செய்து கொடுங்கள். கடைகளில் வரும் கொக்கி குடம் எடுக்கத்தான் ஆகும், மோட்டார் எடை தாங்காது. நடுத்தண்டு 20 மி.மீ. கம்பி, நாலு கொக்கியும் 12 மி.மீ. கம்பியில், முனையை உள்பக்கம் வளைத்து, மேல் வளையத்தை வெல்டிங் மட்டும் நம்பாமல் கம்பியையே சுற்றி வளைத்து. மேலே முக்காலியும் செயின் பிளாக்கும் போட்டுவிட்டால் பாதி மோட்டார்களுக்கு அவர் நனையவே வேண்டியதில்லை.